பூமியில் பிறக்காத கல்

வைரத்தின் நிறத்துக்கு ஏ, பி, சி கிடையாது என்பதை மதுரை பஸ்ஸில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். டி-யில்தான் ஆரம்பிக்கிறார்கள். மஞ்சள் சாயல் துளியும் இல்லாத கல் டி. அதற்குக் கீழே ஈ, எஃப், ஜி என்று இறங்கிக்கொண்டே போகிறது. “அப்ப ஏ, பி, சி எல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டேன். என் கணவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவ்வளவு சுத்தமா எதுவும் கிடைக்காதுன்னு விட்டுட்டாங்க போல,” என்றார். பஸ் கொடைரோடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரம் திராட்சைக் கூடைகளோடு பெண்கள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது நகைக்கடைக்கு அல்ல. மதுரையில் குழந்தைப்பேறு மருத்துவமனைக்கு. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு தடவை கருவை உள்ளே வைத்தும் தங்கவில்லை. உறைய வைத்திருந்ததில் ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க என் வயது இடம் கொடுக்காது என்று டாக்டர் நயமாகச் சொல்லியிருந்தார். நயமாகச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வரும். நேரே சொன்னால் நேரே அழுதுவிட்டுப் போகலாம்.

வைரம் வந்தது என் அத்தையின் வழியாக. அத்தை என்றால் கணவரின் அம்மா. அவர் இருப்பது ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே முருங்கையும் வெங்காயமும் போடுகிற ஊர். ஆயக்குடிப் பக்கம் ஒரு ஜோசியரிடம் மகன் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். சுக்கிரன் கெட்டிருக்கிறது, வைரம் போட்டால்தான் வம்சம் தழைக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். மோதிரத்தில், கல்லின் அடிப்பாகம் தோலில் படுகிற மாதிரி கட்டவேண்டுமாம். நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அடுப்புக்கரியும் பென்சில் முனையும் வைரமும் ஒரே கார்பன்தான் என்று வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். முதல் தடவையாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன். மூன்றாவது தடவை யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற நிலைமைக்கு வந்திருந்தேன். இதைச் செய்யாமல் விட்டோமே என்று பின்னால் யாரும் சொல்லிவிடக்கூடாது. அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

வைரத்தை வாங்கிய உடனே போட்டுக்கொள்ளக்கூடாது என்பது அத்தையின் கட்டளை. “வூட்டுல வெச்சுப் பாக்கோணும் அம்மிணி. சிலதுக்கு ஆகும், சிலதுக்கு ஆகாது. ஆகாத கல்லு வந்துருச்சுன்னா குடும்பத்தையே கொண்டுபோயிரும்,” என்றார். அந்தக் காலத்தில் தெரிந்த கடைக்காரர்கள் கல்லைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிடுவார்களாம். வீட்டில் நல்லது நடந்தால் வைத்துக்கொள்வது, கெட்டது நடந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்களாம்.

நாங்கள் இருக்கிற திண்டுக்கல்லில் ஒரு பெரிய கடைக்குப் போய்க் கேட்டோம். ஏசிக் குளிரில் டை கட்டி நின்ற பையன் மரியாதையாகச் சிரித்தான். “பில் போட்டா எக்ஸ்சேஞ்ச்தான்மா. வீட்டுல வச்சுப் பாக்குறதெல்லாம் இப்ப யாரும் குடுக்கறதில்லம்மா,” என்றான். பிறகு, “என்னம்மா விசேஷம்? மகளுக்கு எடுக்குறீங்களா?” என்றான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவன் என்ன செய்வான், பாவம். என் வயசுக்காரி வைரம் பார்க்க வந்தால் மகளுக்காகத்தான் இருக்கும்.

அதனால்தான் ஆன்லைன். அங்கே யாரும் என்ன விசேஷம் என்று கேட்பதில்லை. கணவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி. பவர் பார்த்து, ஃபிரேம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை. லென்ஸில் கீறல் பார்த்துப் பழகிய கண் என்பதால் இந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. போனில் ஒவ்வொரு கல்லும் கறுப்புப் பின்னணியில் தானாகச் சுற்றும். விரலால் நிறுத்தி, பெரிதாக்கி, “இங்க பாரு, ஓரத்துல ஒரு மேகம் மாதிரி இருக்கு,” என்பார். விலை, எடை, நிறம், சுத்தம் என்று திரையில் நான்கு கம்பிகள். அவற்றை இப்படியும் அப்படியும் இழுத்தால் ஆயிரக்கணக்கான கற்கள் நூறாகும், நூறு நாலாகும். மருத்துவமனை வரிசையில் எங்கள் டோக்கன் வரும்வரை இதே வேலை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கஷ்டத்திலும் இவளுக்கு வைரம் கேட்குதாக்கும் என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் டாக்டர் எங்கள் கருவின் படத்தைக் காட்டினார். உறைய வைக்குமுன் எடுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், உள்ளே ஓரமாக ஒரு சின்னக் கட்டி. அதற்கும் எழுத்துப் போட்டிருந்தார்கள். உள்கட்டிக்கு ஒன்று, வெளிச்சுவருக்கு ஒன்று. எங்களுடையது பி, பி. “பரவாயில்ல, பி நல்ல கிரேடுதான். ட்ரை பண்ணலாம்,” என்றார். அந்தப் படத்தை நான் போனில் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் கணவரிடம், “இதுல ஏ இருக்கு. நமக்குத்தான் கிடைக்கல,” என்றேன். அவர் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் வீட்டில் சண்டை. கற்களைத் தேடும்போது மேலே இரண்டு கட்டங்கள் வரும். ஒன்று பூமியிலிருந்து எடுத்தது. இன்னொன்று லேபில் வளர்த்தது. லேபில் வளர்ந்த கல் பாதிக்கும் பாதி விலை. கணவர் அம்மாவிடம் போய் வித்தியாசத்தை விளக்கியிருக்கிறார். அத்தை ஜோசியருக்குப் போன் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து தீர்ப்புச் சொன்னார். “அது பொய்க் கல்லாமா. மிசின்ல பண்ணுனதுக்குப் பலன் இல்லைன்னு சொல்லிப்போட்டாரு. மண்ணுக்குள்ள கெடந்து, தானா வெளையோணும். அதுக்குத்தான் உசுரு இருக்கும்.”

அத்தைக்கு எங்கள் வைத்தியத்தைப் பற்றி முழுசாகத் தெரியாது. ஊசி போடுகிறார்கள், மருந்து வைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். கண்ணாடித் தட்டு, உறைபெட்டி எல்லாம் சொன்னால் ஊரில் பேச்சாகிவிடும் என்று கணவருக்கு யோசனை. எனக்கும்தான். அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். பின்னாலேயே வந்த கணவரிடம் மட்டும், “வாங்கினா லேப்ல வளந்த கல்லைத்தான் வாங்கணும். இல்லேன்னா எதுவும் வேணாம். பலன் இல்லையாமே? நம்ம புள்ளைக்கும் பலன் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க,” என்றேன்.

அப்படியே வாங்கினார். மிளகைவிடச் சின்னதாக, வட்டமாக, ஜி நிறத்தில் ஒன்று. அம்மாவிடம் மண்ணிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாளுக்குள் எந்தக் காரணம் சொன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று கம்பெனியின் சாட்டில் கேட்டு உறுதி செய்துகொண்டார். அத்தைக்கு அதில் பரம திருப்தி. “பாத்தியா, அந்தக் கம்பெனிக்காரனுக்கும் வெச்சுப் பாக்கற வழக்கம் தெரியுது. நம்மூரு கடைக்காரன்தான் மறந்துபோட்டான்,” என்றார். அது செருப்புக்கும் சேலைக்கும் உள்ள அதே விதிதான் என்று நாங்கள் சொல்லவில்லை.

கல் கூரியரில் வந்த மறுநாள் மதுரையில் கருவை உள்ளே வைத்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, அப்படி அமைந்துவிட்டது. இப்போது நினைத்தால், அந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வீட்டுக்குள் விட்டிருக்கவே கூடாது. ராசி பார்க்கிற வீட்டில் இரண்டு புதுசு ஒன்றாக வரக்கூடாது. எது எதைக் கெடுத்தது என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும். அறிவியல் டீச்சரான எனக்கே அது தோன்றவில்லை.

கல்லைப் பாலில் கழுவி, வெள்ளிக் குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து, சாமி படங்களுக்குக் கீழே வைத்தார் அத்தை. ஊரில் வெங்காயத்தை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்களோடு தங்கிவிட்டார். என்னை ஒரு குடம் தண்ணீர் தூக்கவிடவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொன்றும் விசாரணைக்கு வந்தது. பூஜைக்கு உடைத்த தேங்காய்க்குள் பூ இருந்தது. கல் நல்ல கல். கணவர் கடைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மொத்தமாகக் கண்ணாடி ஆர்டர் வந்தது. ரொம்ப நல்ல கல். குக்கர் வெயிட் பறந்துபோய் சுவரெல்லாம் பருப்பானது. அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது குக்கரோட கோளாறு,” என்று தள்ளுபடி செய்தார். நான் கேலி செய்துகொண்டேதான் இருந்தேன். ஆனால் பல்லி சத்தம் போட்டால் எந்தத் திசை என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

யாரும் இல்லாத மத்தியானங்களில் சிமிழைத் திறந்து பார்ப்பேன். பஞ்சுக்கு நடுவே கிடக்கும். வெயிலில் காட்டினால் சுவரில் சின்னச் சின்ன வண்ணங்கள் ஓடும். “நீயும் லேபு, அதுவும் லேபு. ரெண்டு பேரும் சேந்து மானத்தைக் காப்பாத்துங்க,” என்று அதனிடம் சொல்லியிருக்கிறேன். படித்தவள், முப்பத்தெட்டு வயது. இப்படியும் ஆகிவிடுகிறது.

முதல் ரத்தப் பரிசோதனை திண்டுக்கல்லிலேயே எடுத்தோம். சாயங்காலம் மருத்துவமனை நர்ஸ் போனில், “பாசிட்டிவ் மேடம். ஹார்மோன் வேல்யூ கொஞ்சம் கம்மியா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுங்க, டபுள் ஆகணும்,” என்றார். நான் பாசிட்டிவ் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். பத்து வருஷத்தில் அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொன்னதில்லை. கணவர் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே ஹாலில் நின்று அழுதார். அத்தை சிமிழுக்குச் சூடம் காட்டினார்.

மறுநாளோடு கல்லைத் திருப்புகிற கெடு முடிந்தது. கணவர் போனை நீட்டி, “என்னம்மா, வச்சுக்கலாமா?” என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அத்தை அவரை அடிக்காத குறை. “வூட்டுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்புவாங்களா சாமி? வர்ற வெள்ளிக்கெழம ஆசாரிகிட்டக் குடுத்து மோதரம் கட்டிப்போடலாம்,” என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். அன்று ஒருநாள்தான் நான் அம்மாவாக இருந்தது. அதை எழுதித்தான் ஆகவேண்டும். அன்று ஒருநாள் இருந்தேன்.

அடுத்த போன் வந்தபோது அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். அதே நர்ஸ். “மேடம், வேல்யூ இறங்கியிருக்கு,” என்றார். “டாக்டர் ஊசி, மாத்திரை எல்லாம் நிறுத்திரச் சொன்னாங்க. சாரி மேடம்,” என்றார். சரி என்றேன். மிச்சமிருந்த அவரைக்காயையும் உரித்து முடித்தேன். அதை எதற்கு உரித்தேன் என்று தெரியவில்லை. யாரும் அன்றைக்குச் சாப்பிடப்போவதில்லை.

கணவரை வரச்சொல்லி, அவர் வந்த பிறகுதான் அத்தையிடம் சொன்னோம். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் பார்வை சாமி படங்களின் பக்கம் போனது. “அந்தக் கல்ல எடுத்து வெளிய வெய்யி. இப்பவே திருப்பி அனுப்பிச்சுப்போடு,” என்றார். கணவர் போனைத் திறந்தார். திருப்புவதற்கான காரணம் கேட்டு ஒரு பட்டியல் முன்பெல்லாம் வரும். அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது, வேறிடத்தில் விலை குறைவு. ராசியில்லை என்று ஒன்று அதில் கிடையாது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது அந்தப் பட்டியலே வரவில்லை. கெடு முடிந்துவிட்டது.

“முடியாதும்மா. நாள் போயிருச்சு,” என்றார். பிறகு, இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்தபடி, “அது மண்ணுல எடுத்ததும் இல்லம்மா. லேப்ல வளத்ததுதான்,” என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “மிசின்ல பண்ணுனதா? ஒரு வார்த்த சொன்னீங்களாடா எங்கிட்ட? அதான் தங்கல. மண்ணுல பொறந்திருந்தாத் தங்கியிருக்கும். மிசின்ல பொறந்தது எங்கிருந்து தங்கும்? அதுக்கு உசுரு ஏது?”

நான் எழுந்து நின்றேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. “உங்க பேரப்புள்ளையும் அங்கதான் பொறந்துச்சு அத்தை. லேப்ல. கண்ணாடித் தட்டுல. என் வயித்துல ஆரம்பிக்கல. உங்க மகனோடதையும் என்னோடதையும் எடுத்து, யாரோ முகம் தெரியாத ஆளு அங்க சேத்து வச்சாங்க. அதுக்கும் உசுரு இல்லைன்னு சொல்லுங்க. சொல்லுங்களேன், கேப்போம்,” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. கணவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். ஜோசியர் மேல், நர்ஸ் மேல், பி என்ற எழுத்தின் மேல், பாயசம் வைத்த என் மேல்.

அத்தை திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “கண்ணாடித் தட்டுலயா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“எத்தன நாளு?”

“அஞ்சு நாள். அப்புறம் எடுத்து ஐஸ்ல வச்சிருந்தாங்க. ரெண்டு வருஷம்.”

“ஐஸுலயா?” அத்தையின் குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு வருசமாவா குளுருல கெடந்துச்சு?”

எனக்கு மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று தெரியும், திரவ நைட்ரஜன் என்று தெரியும். அது குளிரில் கிடந்தது என்று நான் ஒருநாள்கூட நினைத்ததில்லை. வேல்யூ என்றேன், கிரேடு என்றேன். கத்துவதற்கு மட்டும் பேரப்பிள்ளை என்றேன்.

“போட்டோ இருக்குதா?” என்றார்.

போனை எடுத்துக் காட்டினேன். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது தெரியாது. கணவர் அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, தானே மாட்டிவிட்டார். அத்தை போனை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இதுல எது?” என்றார்.

உள்ளே ஓரமாக இருந்த சின்னக் கட்டியைத் தொட்டுக் காட்டினேன். “இதுதான் புள்ளையா வர்றது. சுத்தி இருக்கிறது அதுக்கு வீடு மாதிரி.”

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திரை அணைந்துபோனால் என்னிடம் நீட்டுவார். விரல் வைத்துத் திறந்து கொடுப்பேன். மறுபடி பார்ப்பார். வெளியே தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை, வலிகூட இல்லை.

பிறகு அத்தை போனை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அதன் மேல் விரித்தார். பிறந்த பிள்ளையை முதல் தடவை பார்க்கிற பெண்கள் செய்கிற மாதிரி, படத்தை வழித்தெடுத்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

“எத்தன கண்ணு பட்டிருக்குது பாரு அம்மிணி,” என்றார், “என்ற சாமி மேல.”